சுற்றுச்சூழல் அமைப்புகளுக்கான க்யூஆர் கோடு வழிகாட்டி: அச்சுச் செலவையும் தட்டச்சு வேலையையும் குறைக்கும் வழி

நான் தன்னார்வலராக இருந்த ஒரு சிறிய அமைப்பு, ஈரநிலம் ஒன்றைச் சுற்றிப் போகும் நடைபாதையில் பதினான்கு தகவல் பலகைகள் வைத்தது. நல்ல உலோகப் பலகைகள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு க்யூஆர் கோடு. ஸ்கேன் செய்தால் அந்த இடத்தில் தெரியும் பறவைகள், தாவரங்கள் பற்றிய பக்கம் திறக்கும். துண்டறிக்கை அச்சடிக்கும் செலவே இனி இல்லை என்று எல்லோருக்கும் மகிழ்ச்சி. சில வாரங்கள் கழித்து ஒரு பார்வையாளர் தொலைபேசியில் அழைத்தார்: எந்தக் கோடை ஸ்கேன் செய்தாலும் ஏதோ ஒரு நிறுவனத்தின் சந்தாப் பக்கம்தான் வருகிறது என்றார். கோடுகளை ஓர் இலவசத் தளத்தில் உருவாக்கியிருந்தோம். அது சோதனைக் காலத்துக்கு மட்டும்தான் இலவசம் என்பதை யாரும் கவனிக்கவில்லை. பதினான்கு பலகைகளிலும் புதிய ஸ்டிக்கர் ஒட்டி முடிக்க இரண்டு நாள் ஆனது.

இந்த வழிகாட்டி அந்த இரண்டு நாட்களில் கற்ற பாடத்தைச் சுற்றித்தான் எழுதப்பட்டிருக்கிறது. க்யூஆர் கோடு உண்மையிலேயே செலவைக் குறைக்கும். ஆனால் கோடுக்குப் பின்னால் இருக்கும் இணைய முகவரி உங்கள் அமைப்பின் கையில் இருக்கும்வரைதான் அது குறைக்கும்.

படி 1: எந்தச் செலவைக் குறைக்கப் போகிறீர்கள் என்று எழுதுங்கள்

கோடு உருவாக்குவது அரை நிமிட வேலை. அதனால்தான் பலரும் அதிலிருந்து தொடங்குகிறார்கள். முதலில் கடந்த ஓராண்டின் அச்சகப் பில்களையும் தபால் செலவுகளையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கேள்வி: இதை ஏன் மறுபடி அச்சடித்தோம்? தேதி மாறியது, தொலைபேசி எண் மாறியது, நிகழ்ச்சி இடம் மாறியது என்று பதில் வந்தால், அது க்யூஆர் கோடு மிச்சப்படுத்தக்கூடிய செலவு. மாறும் விவரத்தை இணையப் பக்கத்திலும் மாறாத விவரத்தைக் காகிதத்திலும் வைத்துவிட்டால் மறு அச்சு தேவைப்படாது.

அடுத்து, பில்லில் வராத செலவு ஒன்று இருக்கிறது. காகிதப் படிவங்களைக் கணினியில் ஏற்றும் நேரம். மரம் நடும் நாளில் 400 பேர் படிவம் நிரப்பித் தருகிறார்கள், ஒரு படிவத்தைத் தட்டச்சு செய்ய 3 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,200 நிமிடம், அதாவது 20 மணி நேரம். அதில் கையெழுத்து புரியாமல் தவறாக ஏறும் மின்னஞ்சல் முகவரிகள் வேறு. என் அனுபவத்தில், சிறிய அமைப்புகளுக்குக் காகிதத்தை விட இந்தத் தட்டச்சு நேரத்தில்தான் பெரிய மிச்சம் கிடைக்கிறது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். பணம் கொண்டுவரும் காகிதத்தைத் தொடாதீர்கள். பழைய நன்கொடையாளர்களுக்கு ஆண்டுக்கொரு முறை போகும் கடிதத்துக்கு நல்ல பதில் வருகிறதென்றால், அது செலவுப் பட்டியலில் இருந்தாலும் வரவுக்கான காகிதம். அதில் கோடை ஓரமாகச் சேர்க்கலாம். கடிதத்தையே நிறுத்திவிட்டுக் கோடு மட்டும் அனுப்பக் கூடாது.

படி 2: நிலையான கோடு, மாற்றக்கூடிய கோடு: வேறுபாட்டைப் புரிந்துகொள்ளுங்கள்

க்யூஆர் கோடு ஜப்பானின் டென்சோ குழுமத்தில் 1994இல் மசாஹிரோ ஹாரா தலைமையிலான குழு உருவாக்கியது. கார் உதிரி பாகங்களைக் கணக்கு வைப்பதற்காகப் பிறந்தது. காப்புரிமை வைத்திருந்தும், தரநிலைப்படி உருவாக்கும் கோடுகளுக்கு அந்த நிறுவனம் உரிமைக் கட்டணம் கேட்பதில்லை. 2000இல் அது பன்னாட்டுத் தரநிலையாகவும் ஆனது. ஆகவே கோடு உருவாக்குவதற்கோ பயன்படுத்துவதற்கோ யாருக்கும் பணம் கட்ட வேண்டியதில்லை. அது காலாவதியும் ஆகாது. காகிதத்தில் இருக்கும் கருப்பு வெள்ளைக் கட்டங்களே எழுத்துகள், அவ்வளவுதான்.

அப்படியென்றால் எங்கள் பதினான்கு பலகைகள் ஏன் செயலிழந்தன? அங்கேதான் வேறுபாடு. நிலையான கோடில் உங்கள் பக்கத்தின் முகவரியே நேரடியாக எழுதப்பட்டிருக்கும். மாற்றக்கூடிய கோடில் (சந்தாத் தளங்கள் இதை டைனமிக் கோடு என்று விற்கின்றன) அந்தத் தளத்துக்குச் சொந்தமான ஒரு சிறு முகவரி எழுதப்பட்டிருக்கும். ஸ்கேன் செய்பவர் முதலில் அங்கே போய், அங்கிருந்து உங்கள் பக்கத்துக்குத் திருப்பி அனுப்பப்படுகிறார். சந்தா நின்றுபோனால் நடுவில் நிற்கும் தளம் பாதையை மூடிவிடும். கோடு நன்றாகத்தான் இருக்கும், அது காட்டும் கதவு பூட்டியிருக்கும்.

மாற்றக்கூடிய கோடின் வசதி உண்மையானது. அச்சடித்த பிறகும் போய்ச் சேரும் இடத்தை மாற்றலாம், எத்தனை பேர் ஸ்கேன் செய்தார்கள் என்று பார்க்கலாம். அந்த வசதியைச் சந்தா இல்லாமல் நீங்களே செய்துகொள்வதுதான் அடுத்த படி.

படி 3: திருப்பிவிடும் முகவரியை உங்கள் சொந்த டொமைனில் வையுங்கள்

பெரும்பாலான அமைப்புகளுக்கு ஏற்கெனவே ஒரு இணையதளமும் டொமைனும் (தளத்தின் சொந்த இணையப் பெயர்) இருக்கும். அதற்கு ஆண்டுதோறும் பணம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். அந்த டொமைனுக்குப் பின்னால் ஒரு சாய்கோடு, ஒரு குறுகிய பெயர் அல்லது எண் சேர்த்துத் திருப்பிவிடும் முகவரிகளை உருவாக்கலாம். வேர்ட்பிரஸ் தளம் என்றால் 'ரீடைரக்‌ஷன்' என்ற இலவசச் செருகுநிரல் (பிளகின்) இதைச் செய்யும், ஒவ்வொரு முகவரியும் எத்தனை முறை பயன்பட்டது என்ற எண்ணிக்கையும் காட்டும். வேறு வகைத் தளம் என்றால் அதைப் பராமரிப்பவரிடம் "சில முகவரிகளைத் திருப்பிவிட வேண்டும்" என்று சொன்னால் போதும், அவருக்குப் பத்து நிமிட வேலை.

திருப்பிவிடும்போது 301, 302 என்று இரண்டு வகை கேட்கும். 301 என்றால் நிரந்தரம், 302 என்றால் தற்காலிகம். 302ஐத் தேர்ந்தெடுங்கள். 301 கொடுத்தால் செல்போன் உலாவி பழைய இலக்கை நினைவில் வைத்துக்கொண்டு, நீங்கள் மாற்றிய பிறகும் பழைய பக்கத்துக்கே போகக்கூடும்.

முகவரியைக் குட்டையாக வைப்பது அழகுக்காக மட்டும் அல்ல. எழுத்து கூடக் கூடக் கோடில் கட்டங்கள் கூடும், கட்டங்கள் கூடினால் ஒவ்வொன்றும் சிறுத்துப் போகும், வெளிச்சம் குறைந்த இடத்தில் கேமரா தடுமாறும். மிகச் சிறிய கோடு 21க்கு 21 கட்டம், மிகப் பெரியது 177க்கு 177. நீங்கள் 25 அல்லது 29 கட்ட அளவிலேயே நின்றுவிடப் பாருங்கள்.

இதில் தமிழில் தளம் நடத்துபவர்கள் அவசியம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. முகவரியில் தமிழ்ச் சொல் இருந்தால், உலாவியில் பார்க்க அழகாக இருக்கும். கோடுக்குள் போகும்போது அது சதவீதக் குறிகளும் எண்களுமாக விரியும். தமிழ் எழுத்தும் குறியீடும் ஒவ்வொன்றும் 9 எழுத்தாக ஆகும். ம, ர, ம, புள்ளி என்று நான்கு குறியீடு கொண்ட 'மரம்' 36 எழுத்தாகிவிடும். 'மரக்கன்று' என்றால் 81. அதனால் பக்கத்தின் தலைப்பும் உள்ளடக்கமும் தமிழில் இருக்கட்டும், கோடில் போகும் சிறு முகவரி மட்டும் ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் இருக்கட்டும்.

இன்னொரு நுணுக்கம். ஆங்கிலப் பெரிய எழுத்துகள், எண்கள், சாய்கோடு, புள்ளி, முக்காற்புள்ளி போன்ற 45 குறிகளுக்கு மட்டும் க்யூஆர் கோடில் ஒரு சிக்கன முறை உண்டு. சிறிய எழுத்துக்கு 8 பிட் இடம் என்றால் இந்த முறையில் எழுத்துக்கு 5.5 பிட்தான். முழு முகவரியும் 27 எழுத்து என்று கொள்வோம். சிறிய எழுத்தில் நடுத்தரப் பிழைதிருத்தத்துக்கே (கோடு கொஞ்சம் சேதமானாலும் படிக்கவைக்கும் ஏற்பாடு, படி 4இல் வருகிறது) 29 கட்டம் தேவை. அதையே பெரிய எழுத்தில் கொடுத்தால், அதை விட வலுவான பிழைதிருத்தத்தோடு 25 கட்டத்தில் அடங்கும். டொமைன் பெயருக்குப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு கிடையாது. சாய்கோடுக்குப் பின்னால் வரும் பகுதிக்கு இருக்கலாம், ஆகவே இரண்டு வடிவத்துக்கும் திருப்பிவிடும் விதியைப் போட்டுவிடுங்கள்.

கடைசியாக ஒரு பதிவேடு. விரிதாளில் ஐந்து நெடுவரிசை போதும்: சிறு முகவரி, இப்போது எங்கே போகிறது, கோடு எந்த இடத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது, எந்தத் தேதியில், யார் பொறுப்பு. இது இல்லாமல் முப்பது கோடுக்கு மேல் யாராலும் சமாளிக்க முடியாது.

படி 4: கோடை உருவாக்குங்கள்

இதற்கான மென்பொருள் பெரும்பாலும் உங்கள் கணினியிலேயே இருக்கிறது. லிப்ரே ஆஃபீஸ் 6.4 பதிப்பிலிருந்து க்யூஆர் கோடு செருகும் வசதியோடு வருகிறது. இங்க்ஸ்கேப் வரைகலை மென்பொருளில் நீட்சிகள் பட்டியலில் பார்கோடு பகுதிக்குள் இருக்கிறது. குரோம் உலாவியில் ஒரு பக்கத்தைப் பகிரும் இடத்திலேயே கோடு கிடைக்கும். மூன்றும் இலவசம், மூன்றும் நிலையான கோடைத்தான் தரும். அச்சகத்துக்குக் கொடுப்பதென்றால் இங்க்ஸ்கேப்பைப் பரிந்துரைப்பேன், எவ்வளவு பெரிதாக்கினாலும் விளிம்பு மங்காத வெக்டர் வடிவில் சேமிக்கலாம்.

பிழைதிருத்த நிலை என்று நான்கு கேட்கும். எல் நிலையில் கோடின் சுமார் 7 சதவீதம் சேதமானாலும் படிக்கும், எம் நிலையில் 15, க்யூ நிலையில் 25, எச் நிலையில் 30. அறைக்குள் ஒட்டுவதற்கும் காகிதத்தில் அச்சடிப்பதற்கும் எம் போதும். மழை, தூசி, பறவை எச்சம், பாசி எல்லாம் படும் வெளிப்பலகைக்கு க்யூ நிலை நல்லது. நடுவில் அமைப்பின் சின்னத்தை வைக்க ஆசைப்பட்டால் எச் நிலை வேண்டும். ஆனால் வெளிப்பலகைகளில் சின்னத்தை உள்ளே வைக்காதீர்கள் என்பதே என் கருத்து. சேதத்தைத் தாங்குவதற்காக இருக்கும் சக்தியைச் சின்னம் மறைக்கும் பகுதிக்கே செலவழித்துவிட்டால், வெயிலும் மழையும் வரும்போது மிச்சம் எதுவும் இருக்காது. சின்னத்தைப் பக்கத்தில் வையுங்கள்.

கோடைச் சுற்றி நான்கு கட்ட அகலத்துக்கு வெற்று வெள்ளை ஓரம் கட்டாயம். வடிவமைப்பாளர்கள் இடம் போதவில்லை என்று முதலில் வெட்டுவது இதைத்தான். கருப்புக் கோடு, வெள்ளைப் பின்புலம். இலைப் பச்சை மீது வெளிர் மஞ்சள் கோடு சுற்றுச்சூழல் அமைப்புக்குப் பொருத்தமாகத் தோன்றலாம், சில செல்போன்களில் படிக்கவே படிக்காது.

அளவுக்கு எளிய கணக்கு: நின்று ஸ்கேன் செய்யும் தூரத்தில் பத்தில் ஒரு பங்கு. 2 மீட்டர் தள்ளி நின்று பார்க்கும் பலகைக்கு 20 செ.மீ. கோடு. கையில் பிடிக்கும் காகிதத்துக்கு 2.5 செ.மீ. இருந்தால் நிம்மதி. வேலிக்கு அப்பால், நீரோடைக்கு அப்பால் இருக்கும் பலகைக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் அச்சுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

கோடுக்குக் கீழே இரண்டு வரி எழுதுங்கள். ஒன்று, ஸ்கேன் செய்தால் என்ன கிடைக்கும் என்பது: "இந்தக் குளத்தில் பார்க்கக்கூடிய பறவைகள்". இன்னொன்று, அந்தச் சிறு முகவரி, படிக்கக்கூடிய எழுத்தில். கேமரா பழுதானவர், ஸ்கேன் செய்யத் தெரியாதவர், குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் பார்க்க விரும்புபவர் எல்லோருக்கும் இது உதவும். செல்போனே இல்லாதவர்களுக்காக வாயிலில் சில காகிதப் பிரதிகளும் இருக்கட்டும். முழுச் செலவையும் மிச்சம் பிடிக்கிறேன் என்று அவர்களை வெளியே நிறுத்திவிடக் கூடாது.

படி 5: வெளியில் ஒட்டுவதற்கான பொருள்

இங்கே சிக்கனம் பார்த்தால் இரட்டைச் செலவு. சாதாரண இங்க்ஜெட் அச்சு வெயிலில் வேகமாக வெளுத்துவிடும். லேசர் அச்சு அதை விடத் தாங்கும். பளபளப்பான லேமினேட் ஒளியைத் திருப்பி அடித்துக் கேமராவைக் குழப்பும், மங்கலான மேட் லேமினேட் கேளுங்கள். பல ஆண்டுகள் இருக்க வேண்டிய இடத்தில் அலுமினியத் தகட்டில் பொறிப்பது முதலில் விலை கூடுதலாகத் தெரியும், ஆனால் மாற்ற வேண்டியிருக்காது. பிளாஸ்டிக் அட்டைகள் நொறுங்கி அந்த மண்ணிலேயே குப்பையாகக் கிடப்பதைப் பார்த்த பிறகு நான் அவற்றைப் பயன்படுத்தவே விரும்பவில்லை.

மரத்தில் ஆணி அடிக்க வேண்டாம். கன்றுகளுக்குப் பக்கத்தில் ஒரு குச்சி நட்டு அதில் கட்டுங்கள். வளர்ந்த மரத்தில் கட்டுவதென்றால் தளர்வாகக் கட்டி, ஆண்டுக்கு ஒருமுறை தளர்த்திவிடும் பொறுப்பை ஒருவரிடம் கொடுங்கள். தண்டு பருக்கும்போது இறுகிய கம்பி பட்டையை அறுத்துவிடும்.

ஒட்டுவதற்கு முன் சோதனை. ஒரு பிரதி மட்டும் அச்சடித்து, அந்த இடத்துக்கே எடுத்துப் போய், உச்சி வெயிலிலும் மாலையிலும், பழைய செல்போன் ஒன்றிலும் புதியது ஒன்றிலும் ஸ்கேன் செய்து பாருங்கள். ஐபோன்களில் 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் கேமராவே கோடைப் படிக்கும். பழைய ஆண்ட்ராய்டு போன்கள் சிலவற்றுக்குத் தனிச் செயலி வேண்டியிருக்கும்.

படி 6: தட்டச்சு வேலையை ஒழிக்கும் படிவங்கள்

இந்தப் படிதான் எனக்கு மிகவும் பிடித்தது. நிரப்பும் படிவத்துக்குக் கோடு வைப்பதை எல்லோரும் செய்கிறார்கள். அதை ஒரு படி மேலே கொண்டு போகலாம்.

நீங்கள் 600 மரக்கன்று நட்டிருக்கிறீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொன்றும் உயிரோடு இருக்கிறதா, எவ்வளவு உயரம் என்று பதிய வேண்டும். காகிதப் பட்டியலோடு போனால், எண்ணைத் தேடி, குறித்து, பிறகு கணினியில் ஏற்றி, இடையில் 412ஐ 421 என்று எழுதிய தவறையும் கண்டுபிடிக்க வேண்டும். கூகுள் ஃபார்ம்ஸில் 'முன்பே நிரப்பிய இணைப்பு' பெறும் வசதி இருக்கிறது. படிவத்தின் மூன்று புள்ளிப் பட்டியலில் பாருங்கள். மர எண் என்ற கேள்விக்கு 0412 என்று நிரப்பி இணைப்பைப் பெற்றால், அந்த இணைப்பின் கடைசியில் 0412 இருப்பதைக் காணலாம். அந்த எண்ணை மட்டும் மாற்றினால் ஒவ்வொரு மரத்துக்கும் தனி இணைப்பு தயார். களப்பணியாளர் மரத்தின் கோடை ஸ்கேன் செய்கிறார், மர எண் ஏற்கெனவே நிரம்பிய படிவம் திறக்கிறது, உயரத்தையும் நிலையையும் தட்டுகிறார், அனுப்புகிறார். விரிதாளில் தேதியோடு ஏறிவிடும்.

ஆனால் அந்த இணைப்பு 130 எழுத்தைச் சுலபமாகத் தாண்டும். அப்படியே கோடாக்கினால் 49 கட்டம் வரை போய், சிறிய தகட்டில் படிக்காது. படி 3 இங்கே கைகொடுக்கும். உங்கள் டொமைனில் ஒரே ஒரு விதி எழுதச் சொல்லுங்கள்: 'டி' என்ற எழுத்துக்குப் பின்னால் வரும் எண் எதுவானாலும் அதை எடுத்துப் படிவ இணைப்பின் கடைசியில் சேர்த்துத் திருப்பிவிடு. 600 மரத்துக்கும் ஒரே விதி. தகட்டில் இருப்பது குட்டையான முகவரி மட்டுமே. நாளைக்குக் கூகுள் படிவத்தை விட்டு வேறு மென்பொருளுக்கு மாறினாலும் அந்த ஒரு விதியை மாற்றினால் போதும், மரங்களில் கட்டிய ஒரு தகட்டையும் தொட வேண்டியதில்லை.

இதே முறையைக் கருவிக் கிடங்குக்கும் வைக்கலாம். மண்வெட்டி, தொலைநோக்கி, நீர்ச் சோதனைப் பெட்டி என்று ஒவ்வொன்றிலும் ஒரு எண், ஒரு கோடு, எடுத்தவர் பெயர், திருப்பித் தரும் தேதி. காணாமல் போன பொருளுக்கு மறுபடி வாங்கும் செலவு கணிசமாகக் குறையும். விதைப் பொட்டலங்களுக்கு எங்கே எப்போது சேகரித்தது என்ற விவரம், நாற்றங்கால் தட்டுகளுக்கு விதைத்த நாள், தன்னார்வலர் வருகைப் பதிவு எல்லாவற்றுக்கும் இதே முறைதான்.

இரண்டு இடங்களில் சிக்கல் வரும். கூகுள் படிவத்தில் புகைப்படம் கேட்டால், பதிலளிப்பவர் கூகுள் கணக்கில் உள்நுழைய வேண்டும். புதிதாக வரும் தன்னார்வலர்கள் அங்கேயே நின்றுவிடுவார்கள். படம் அவசியம் என்றால் கோபோ டூல்பாக்ஸ் என்ற படிவ மென்பொருளைப் பாருங்கள், கள ஆய்வுக்காகவே உருவானது. இன்னொன்று, முன்பே நிரப்பிய எண்ணை யார் வேண்டுமானாலும் தவறுதலாக மாற்றிவிடலாம். ஆகவே அந்தக் கேள்விக்கு நான்கு இலக்க எண் மட்டும் ஏற்கும் கட்டுப்பாடு வையுங்கள், "எண்ணை மாற்ற வேண்டாம்" என்றும் எழுதுங்கள்.

சிக்னல் இல்லாத காட்டிலும் மலையிலும் என்ன செய்வது?

சுற்றுச்சூழல் வேலை பெரும்பாலும் செல்போன் கோபுரம் எட்டாத இடத்தில்தான் நடக்கிறது. கோபோவின் இணையப் படிவத்தைப் புறப்படுமுன் ஒருமுறை திறந்துவிட்டால், பிறகு இணையம் இல்லாமலும் நிரப்பலாம், சிக்னல் கிடைத்ததும் தரவு போய்ச் சேரும். ஆண்ட்ராய்டு போனில் அதன் சேகரிப்புச் செயலியும் அப்படித்தான் வேலை செய்யும். அங்கே கோடில் முழு முகவரி தேவையில்லை, மர எண் மட்டும் இருந்தால் போதும், செயலியின் பார்கோடு கேள்வி அதைப் படித்துக்கொள்ளும். சிக்னலே வராத தோப்பு என்று முன்கூட்டியே தெரிந்தால், தகடு அடிப்பதற்கு முன்பே இந்த முறையைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள்.

பார்வையாளர்களுக்கு என்றால், கோடுக்குள் இணைப்புக்குப் பதில் உரையையே வைக்கலாம். பல செல்போன்கள் அதை இணையமின்றிக் காட்டும். ஆனால் தமிழ் உரைக்கு இடம் அதிகம் தேவை, ஒரு குறியீட்டுக்கு 3 பைட். 100 குறியீடு கொண்ட இரண்டு வரிக்கே 69 கட்டக் கோடு ஆகிவிடும். "இந்த நீரைக் குடிக்க வேண்டாம்" போன்ற முக்கியச் செய்திகளைக் கோடுக்குள் வைக்கவே வேண்டாம், பலகையில் பெரிய எழுத்தில் எழுதுங்கள்.

படி 7: நன்கொடைக் கோடுகளும் பாதுகாப்பும்

பணச் செயலிகள் தரும் கோடில் உங்கள் கணக்கு விவரமே நேரடியாக இருக்கும். கணக்கு மாறினால் அச்சடித்த எல்லாவற்றையும் தூக்கிப் போட வேண்டியதுதான். நிரந்தரமாக அச்சடிக்கும் இடங்களில் உங்கள் தளத்தின் நன்கொடைப் பக்கத்துக்குப் போகும் கோடை வைத்து, அந்தப் பக்கத்தில் பணம் செலுத்தும் வழிகளைக் கொடுங்கள். ரசீதுக்குச் சட்டப்படி வேண்டிய விவரங்களை அங்கேயே கேட்டு வாங்கிக்கொண்டால், பிறகு ஒவ்வொருவராக அழைத்துக் கேட்கும் வேலையும், தபாலில் ரசீது அனுப்பும் செலவும் போய்விடும்.

பொது இடத்தில் இருக்கும் கோடின் மேல் வேறு யாராவது தங்கள் ஸ்டிக்கரை ஒட்டிவிட முடியும். 2022 ஜனவரியில் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் வாகன நிறுத்தக் கட்டண இயந்திரங்களில் இப்படிப் போலி ஸ்டிக்கர்கள் கண்டுபிடிக்கப்பட்டன. அதே மாதம் அந்நாட்டுப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயும் போலிக் க்யூஆர் கோடுகள் பற்றி எச்சரித்தது. நன்கொடைக் கோடைத் தனி ஸ்டிக்கராக ஒட்டாமல் பலகையின் வடிவமைப்போடு சேர்த்தே அச்சடியுங்கள். கீழே டொமைன் பெயர் தெளிவாக இருக்கட்டும். மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் எல்லாப் பலகைகளையும் ஸ்கேன் செய்து, விரல் நகத்தால் ஓரத்தைச் சுரண்டியும் பார்க்க வேண்டும்.

உயிரினங்களின் பாதுகாப்பும் இதில் சேரும். அரிய பறவையின் கூடு, வேட்டையாடப்படும் விலங்கின் நடமாட்டம், திருடப்படும் தாவரம் இருக்கும் இடம் இவற்றைப் பொதுப் பக்கத்தில் போடாதீர்கள். மக்கள் பார்த்த உயிரினங்களைப் பதிவு செய்யும் ஐநேச்சுரலிஸ்ட் தளம் அழியும் நிலையிலுள்ள இனங்களின் இடத்தைத் தானாகவே அட்சரேகை, தீர்க்கரேகைக் கணக்கில் சுமார் 0.2 டிகிரி கட்டத்துக்குள் மறைத்துக் காட்டுகிறது. உங்கள் விரிதாளுக்கு அந்த அறிவு கிடையாது, அதை யார் பார்க்கலாம் என்று நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். தன்னார்வலர்களின் தொலைபேசி எண்களுக்கும் இதே கவனம் தேவை.

படி 8: மிச்சத்தை அளந்து பாருங்கள்

ஆறு மாதம் கழித்து படி 1இல் எழுதிய தாளை எடுங்கள். அச்சடித்த தாள்களின் எண்ணிக்கை, மறு அச்சு எத்தனை முறை, தட்டச்சுக்குப் போன மணி நேரம். இந்த மூன்றையும் முன்பு இருந்ததோடு ஒப்பிடுங்கள். செலவுப் பக்கத்தில் தகடு, ஸ்டிக்கர், டொமைன், அமைக்கப் போன நேரம் எல்லாவற்றையும் நேர்மையாகச் சேருங்கள்.

நன்கொடையாளர்களுக்கான அறிக்கையில் "இத்தனை ஆயிரம் தாள் குறைவாக அச்சடித்தோம்" என்று எழுதலாம், அது எண்ணிப் பார்த்த உண்மை. அதிலிருந்து இத்தனை மரம் காப்பாற்றினோம், இவ்வளவு கார்பன் குறைந்தது என்று நீட்ட வேண்டாம். இணையப் பக்கங்களும் செல்போன்களும் மின்சாரத்தில்தான் ஓடுகின்றன. நம் துறையில் நம்பகத்தன்மை போனால் திரும்பக் கிடைக்காது.

ஸ்கேன் எண்ணிக்கையும் பயன்படும். நடைபாதையின் முதல் பலகையில் நிறைய, கடைசிப் பலகையில் ஒன்றிரண்டு என்றால், நடுவில் மக்கள் திரும்பிவிடுகிறார்கள் அல்லது அந்தப் பலகை கண்ணில் படவில்லை. ஒரே கோடை எல்லா இடத்திலும் ஒட்டாமல் ஒவ்வொரு இடத்துக்கும் தனி எண் கொடுத்திருந்தால்தான் இது தெரியும். அதற்கு மேல் யார் ஸ்கேன் செய்தார் என்று தேடத் தேவையில்லை.

யாரும் ஸ்கேன் செய்யாத கோடைக் கழற்றிவிடுங்கள். ஆனால் அதன் முகவரியை வேறு வேலைக்குக் கொடுக்காதீர்கள். பழைய துண்டறிக்கை யாருடைய மேசை இழுப்பறையிலாவது இருக்கும். அந்த எண் உங்கள் முகப்புப் பக்கத்துக்குப் போகும்படி மாற்றிவிட்டு, பதிவேட்டில் 'ஓய்வு' என்று குறித்துவிடுங்கள். அப்புறம், டொமைன் புதுப்பிக்கும் தேதியை அலுவலகத்தில் குறைந்தது இரண்டு பேரின் நாட்காட்டியில் போட்டு வையுங்கள். கடவுச்சொல்லும் அந்த இரண்டு பேரிடமும் இருக்கட்டும்.